பன்னிரண்டு மணி நேரம் என்றால் எவ்வளவு?

கேள்வி: கல்லூரியில் இயற்பியல் முதலாம் ஆண்டு சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. ஹாஸ்டலில் இருக்கிறேன். எங்கள் கல்லூரியில் ஒரு சேவைத் திட்டம் நடக்கிறது. பஸ்ஸில் 40 நிமிட தூரத்தில் இருக்கும் ஒரு மையத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். மூன்று மாலை 5.30 முதல் 8 வரை, சனிக்கிழமை காலை 9 முதல் 1.30 வரை. மொத்தம் வாரம் 12 மணி நேரம், இரண்டு செமஸ்டரும். தொடக்கத்தில் 30 மணி நேரப் பயிற்சி உண்டு. விண்ணப்பித்தேன், தேர்வாகிவிட்டேன். பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். எனக்கு உண்மையிலேயே ஆசை. அம்மா, "முதல் வருஷம் படிப்பை மட்டும் பாரு" என்கிறார். சீனியர் அக்கா, "சேர்ந்துடு, டைம் தானா கிடைக்கும்" என்கிறார். இப்போது வேண்டாம் என்றால் மறுபடி கூப்பிட மாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. சேரலாமா?
– முதலாம் ஆண்டு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் திட்டத்தில் சேருங்கள், ஆனால் இரண்டாவது செமஸ்டரில். அதற்கு அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் இப்போதைக்குச் சனிக்கிழமை மட்டும் வருவதாகக் கேளுங்கள். அதுவும் முடியாது, வந்தால் முழுதாக இப்போதே வா என்றால், இந்த வருஷம் வேண்டாம். அம்மா சொன்னதற்காகவும் இல்லை, படிப்பு பெரிது சேவை சிறிது என்பதாலும் இல்லை. உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களைக் கூட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன். நீங்களும் ஒரு பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு கூடவே போடுங்கள்.

வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் நாளுக்கு 8 என்று வைத்தால் 56 போய்விடும், மிச்சம் 112. குளியல், சாப்பாடு, துணி துவைப்பது, அறையைச் சுத்தம் செய்வது, வரிசையில் நிற்பது எல்லாம் சேர்த்து நாளுக்கு 3 மணி நேரம், வாரத்துக்கு 21. மிச்சம் 91. இயற்பியல் முதலாம் ஆண்டு என்பதால் தியரி வகுப்பு 15 மணி நேரம், 3 மணி நேர லேப் இரண்டு என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் டைம்டேபிள் வேறு மாதிரி இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். அதில் 21 போக 70. ஒரு மணி நேர வகுப்புக்கு வெளியில் இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் கிரெடிட் கணக்கிடும் முறையிலேயே இருக்கும் அளவு. கணிதம் கலந்த பாடத்துக்கு அது நியாயமான அளவுதான். ஆக 30 மணி நேரம் சொந்தப் படிப்பு, ரெக்கார்ட் நோட்டு எழுத 4. மிச்சம் 36.

36 மணி நேரம் சும்மா இருக்கிறதே, 12 தானே கேட்கிறார்கள் என்று தோன்றும். உங்கள் சீனியர் சொல்லும் "தானா கிடைக்கும்" என்பது இந்த இடத்தில்தான் நிற்கிறது. கணக்கு இங்கே முடியவில்லை.

அந்த 12 என்பது பிள்ளைகள் முன்னால் நீங்கள் நிற்கும் நேரம் மட்டும். போக 40 நிமிடம், வர 40 நிமிடம், வாரத்துக்கு நான்கு தடவை: 5 மணி 20 நிமிடம். நாளைக்கு என்ன நடத்தப்போகிறோம் என்று பார்த்துவைக்க ஒரு தடவைக்கு அரை மணி நேரம் என்றால் 2 மணி நேரம். இத்தகைய திட்டங்களில் தன்னார்வலர் கூட்டம் வாரம் ஒன்று அநேகமாக இருக்கும், அது 1 மணி நேரம். வருகைப் பதிவு, அறிக்கை என்று அரை மணி நேரம். கூட்டினால் 20 மணி 50 நிமிடம். 21 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 36இல் 21 போனால் 15. நாளுக்கு இரண்டு மணி நேரம் சொச்சம். வீட்டுக்குப் போன் பேசுவது, தோழிகளோடு உட்கார்வது, சும்மா படுத்துக் கிடப்பது, கடைக்குப் போவது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

சாதாரண வாரத்தில் அடங்கும். ஆனால் உங்கள் முடிவைச் சாதாரண வாரத்தை வைத்து எடுக்காதீர்கள். செமஸ்டரிலேயே மோசமான வாரம் எது என்று பாருங்கள். இன்டர்னல் தேர்வு வரும் வாரத்தில் படிப்பு 12 மணி நேரம் கூடும். 15 என்பது 3 ஆகிவிடும். அதே வாரத்தில் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் பள்ளத்தில் இருப்பீர்கள். அப்போது முதலில் தூக்கத்தில் கை வைப்போம், அடுத்து ரெக்கார்ட் நோட்டில். ரெக்கார்ட் ஒரு வாரம் தள்ளிப்போனால் அடுத்த வாரம் இரண்டு சோதனைக்கு எழுத வேண்டும், அளவீடு எடுத்த விதம் அதற்குள் மறந்திருக்கும், எழுதும் நேரம் இரட்டிப்பாகும். முதலாம் ஆண்டில் பலர் சறுக்கும் வழி இதுதான். ஒரே நாளில் யாரும் விழுவதில்லை.

மணி நேரத்தின் எண்ணிக்கையைவிட அது வாரத்தில் எங்கே உட்கார்கிறது என்பதைக் கவனியுங்கள். மையத்துக்குப் போகும் நாளில் 4.50க்குக் கிளம்பினால்தான் 5.30க்கு அங்கே இருக்க முடியும். லேப் 4.30க்கு முடிந்தாலும் கருவியைத் திருப்பிக் கொடுத்து, ரீடிங்கில் கையெழுத்து வாங்கி வெளியே வர 4.50 ஆகிவிடும். திரும்பி வரும்போது இரவு 8.40. சாப்பிட்டு மேஜைக்கு வர ஒன்பதரை. இரண்டரை மணி நேரம் பிள்ளைகளோடு குரல் கொடுத்துவிட்டு வந்தவருக்கு அதன்பின் வெக்டர் கால்குலஸ் ஏறாது. ஆக அந்த மூன்று நாட்களின் மாலைப் படிப்பு மொத்தமும் மற்ற நான்கு நாட்களுக்குப் போகும். ரெக்கார்டையும் சேர்த்து உங்கள் 34 மணி நேரச் சொந்தப் படிப்பு அந்த நான்கு நாட்களுக்குள் எங்கே அடங்குகிறது என்று டைம்டேபிளில் பென்சிலால் கட்டம் போட்டுப் பாருங்கள். சனிக்கிழமை காலையும் போய்விட்டது என்பதை மறக்க வேண்டாம். எனக்குத் தெரிந்து, காலையில் எழுந்து படிப்பவர்களுக்கு இந்தக் கட்டம் ஓரளவு நிரம்பும். இரவில் மட்டுமே படிப்பு ஓடுபவர்களுக்கு நிரம்பாது. நீங்கள் எந்த ரகம்? மூன்று வாரத்தில் உங்களுக்கே தெரிந்திருக்காது. முதல் இன்டர்னல் மதிப்பெண் வந்த பிறகுதான் தெரியும். இரண்டாவது செமஸ்டர் என்று நான் சொன்னதற்கு முதல் காரணம் இது.

இந்தத் திட்டம் எவ்வளவு பெரியது என்று விளங்க வேறு திட்டங்களோடு வைத்துப் பார்க்கலாம். 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும், அதாவது ஆண்டுக்கு 120. அமெரிக்காவில் போனர் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. சேவை செய்யும் மாணவர்களுக்குப் படிப்பு உதவித்தொகையும் சேர்த்துத் தருவது. அதில் வாரம் 8 முதல் 10 மணி நேரம். அங்கே அரசே நடத்தும் சேவைத் திட்டமான அமெரிகார்ப்ஸில் முழுநேரப் பணி 1,700 மணி நேரம், மிகச் சிறிய அளவு 100. உங்களுடையது செமஸ்டருக்கு 15 வாரம் என்று எடுத்தால் 360, பயிற்சியோடு 390. நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஓராண்டு அளவைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். இது ஓய்வு நேரப் பணி இல்லை, பகுதிநேர வேலை. அப்படி நினைத்தே முடிவெடுங்கள். "சம்பளத்துக்கு வாரம் 12 மணி நேர வேலை, போய்வர ஐந்து மணி நேரம்" என்று யாராவது கேட்டால் முதல் செமஸ்டரில் ஒத்துக்கொள்வீர்களா?

இரண்டாவது காரணம் உங்களைப் பற்றியது அல்ல, அந்தப் பிள்ளைகளைப் பற்றியது. எனக்கு இதுதான் பெரிது. சேர்ந்துவிட்டு முடியாமல் நடுவில் நின்றால் உங்களுக்குக் கிடைக்க வேண்டிய ஒரு சான்றிதழ் போய்விடும், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்கோ, பெயர் சொல்லிப் பழகிய ஒரு அக்கா திடீரென்று வராமல் போய்விடுகிறார். ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் இருவரும் 2002இல் அமெரிக்காவில் இதை ஆராய்ந்து எழுதினார்கள். வழிகாட்டியோடு ஓராண்டுக்கு மேல் உறவு நீடித்த பிள்ளைகளுக்கு நன்மை அதிகம். மூன்று மாதத்துக்குள் முறிந்துபோனவர்களுக்கோ தங்களைப் பற்றிய மதிப்பே முன்பைவிடக் குறைந்திருந்தது. ஒன்றுமே செய்யாமல் இருந்ததைவிட மோசம் என்று அர்த்தம். ஆகவே, பாதியில் விடும் வாய்ப்பு கணிசமாக இருந்தால் சேராமல் இருப்பது சுயநலம் ஆகாது. ஜனவரியில் வந்து ஆண்டு முடிவு வரை நிற்கும் ஒருவர், ஆகஸ்டில் வந்து அக்டோபரில் காணாமல் போகும் ஒருவரைவிடப் பிள்ளைகளுக்கு நல்லவர்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒருங்கிணைப்பாளரைச் சந்திக்காமலே வேண்டாம் என்று எழுதிவிடாதீர்கள். நேரில் போய் அரை மணி நேரம் கேளுங்கள். போன வருஷம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், கடைசி வரை எத்தனை பேர் இருந்தார்கள் என்பது முதல் கேள்வி. பத்துக்கு ஏழெட்டுப் பேர் நின்றிருந்தால் திட்டத்தை ஒழுங்காக நடத்துகிறார்கள் என்று நம்பலாம். பாதிப்பேர் போய்விட்டார்கள் என்றால் ஏன் என்று கேளுங்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு இல்லை" என்று பதில் வந்தால் அங்கே அமைப்பிலேயே கோளாறு இருக்கிறது. எண்ணே தெரியாது என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

அடுத்து, தேர்வு வாரத்தில் மையம் நடக்குமா, நடந்தால் உங்களுக்குப் பதில் யார் நிற்பார்கள் என்று கேளுங்கள். கல்லூரியே நடத்தும் திட்டம் என்றாலும் பள்ளியின் நாள்காட்டியும் கல்லூரியின் நாள்காட்டியும் ஒன்றாக இருக்காது. பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு வரும்போது அவர்களுக்கு உங்கள் தேவை அதிகம். பெரும்பாலும் உங்கள் செமஸ்டர் தேர்வும் அதையொட்டியே வரும். மாற்று ஆள் ஏற்பாடு இல்லாத திட்டத்தில் அந்த இரண்டு வாரம் யாருக்காவது துரோகம் செய்தே ஆக வேண்டிவரும்.

30 மணி நேரப் பயிற்சி எப்போது என்பதும் முக்கியம். மையத்துக்குப் போகும் முன்பே முடித்துவிடுவார்களா, போய்க்கொண்டிருக்கும்போதே நான்கு வார இறுதிகளில் ஏழரை ஏழரை மணி நேரமாக வைப்பார்களா? இரண்டாவது என்றால் அந்த மாதம் உங்கள் 15 மணி நேர மிச்சம் பாதியாகிவிடும்.

மையத்தில் பொறுப்பான பெரியவர் ஒருவர் எப்போதும் இருப்பாரா என்று தவறாமல் கேளுங்கள். ஒரு பிள்ளை வீட்டில் அடிக்கிறார்கள் என்று உங்களிடம் சொன்னால் யாருக்கு, எந்த எண்ணுக்கு அன்றைக்கே தெரிவிக்க வேண்டும்? எழுதிவைத்த விதி இருக்கிறதா? மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது என்பவற்றையாவது பயிற்சியில் சொல்லித்தர வேண்டும். இரவு 8 மணிக்குத் தனியாகவா திரும்புகிறீர்கள், கூட்டமாகவா? பஸ் செலவு யாருடையது? இதெல்லாம் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். நன்றாக நடத்தும் இடத்தில் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள்.

விலகும் விதி என்ன என்பதைக் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், கிரெடிட்டோ உதவித்தொகையோ இதோடு கட்டப்பட்டிருக்கிறதா, நடுவில் நின்றால் திருப்பிக் கேட்பார்களா என்று பாருங்கள். உதவித்தொகை இருந்தால் என் பதிலே மாறக்கூடும். இந்தத் தொகை கிடைத்தால் நீங்கள் வேறு பகுதிநேர வேலைக்குப் போக வேண்டியதில்லை என்ற நிலை இருந்தால், இது கூடுதல் சுமை இல்லை, ஒரு சுமைக்குப் பதில் இன்னொன்று. அப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்து எது நிலையான நேரம், எது தேர்வு வாரத்தில் விட்டுக்கொடுக்கும் என்று ஒப்பிடுங்கள். அதேபோல் மையம் கல்லூரி வளாகத்திலேயே இருந்திருந்தால் 5 மணி 20 நிமிடப் பயணம் மிச்சம். சேருங்கள் என்றே எழுதியிருப்பேன்.

பத்து நாளில் ஏழு நாளை ஒத்திகைக்கு ஒதுக்குங்கள். மையத்துக்குப் போகும் மூன்று மாலையும் சனிக்கிழமை காலையும் திட்டத்தில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டதாக நினைத்து நடந்துகொள்ளுங்கள். ஒரு நாளாவது அதே பஸ்ஸில், அதே நேரத்தில் மையம் வரை போய்வாருங்கள். 40 நிமிடம் என்பது யாரோ சொன்ன கணக்கு, மாலை நெரிசலில் 55 ஆகலாம். போக 15, வர 15 நிமிடம் கூடினால் வாரத்துக்கு 2 மணி நேரம் போச்சு. அனுமதி கிடைத்தால் உள்ளே உட்கார்ந்து பாருங்கள். மற்ற மைய நாட்களில் அந்த நேரத்தில் உங்கள் புத்தகத்தைத் தொடாதீர்கள். பள்ளிப் பாடம் ஒன்றை எடுத்து, சத்தமாக நடத்திப் பழகுங்கள். தினமும் தூங்கும் முன் மூன்று எண்களை எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணி நேரம் படித்தீர்கள், நாளைக்குத் தரவேண்டியதில் எத்தனை பாக்கி. ஏழாம் நாள் பாக்கி ஏறிக்கொண்டே போயிருந்தால் வேறு யாரையும் கேட்க வேண்டாம். ஏறாமல் இருந்து, தூக்கமும் ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் இருந்தால், என் பேச்சை மீறிச் சேருங்கள். நிஜ அளவீடு என் மதிப்பீட்டைவிடப் பெரியது.

அந்தப் பேப்பரை அம்மாவிடமும் காட்டுங்கள். "சேவை செய்யணும்" என்று நீங்களும் "படிப்பைப் பாரு" என்று அவரும் மாறி மாறிச் சொன்னால் பேச்சு நகராது. "இத்தனை மணி நேரம் இருக்கு, இத்தனை போகும், தேர்வு வாரத்தில் இப்படிச் செய்வேன்" என்று எண்ணைக் காட்டினால், ராத்திரி தனியாக வருவதுதான் அவருடைய நிஜக் கவலை என்பதுபோல் ஏதாவது வெளியே வரும். அதற்கு வழி தேடலாம்.

மறுபடி கூப்பிட மாட்டார்களோ என்ற பயத்துக்கு வருகிறேன். நடுவில் ஆள் குறையாத சேவைத் திட்டம் அரிது. இரண்டாவது செமஸ்டர் தொடங்கும்போது பெரும்பாலும் இடம் காலியாகும், புதிய ஆளைத் தேடுவார்கள். தேர்வான பிறகு நேரில் வந்து, காரணம் சொல்லி, தேதி குறித்துக் கேட்டவரை அவர்கள் மறக்க மாட்டார்கள். ஒருங்கிணைப்பாளரிடம் பேசிவிட்டு இப்படி எழுத்திலும் கொடுங்கள்:

"என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. முதல் செமஸ்டரில் எனக்கு வாரம் இரண்டு லேப் இருக்கிறது. மூன்று மாலை வருவதாக இப்போது வாக்குக் கொடுத்தால் தேர்வு நேரத்தில் பிள்ளைகளை விட்டுவிட நேருமோ என்று பயப்படுகிறேன். இரண்டாவது செமஸ்டரின் முதல் வாரத்திலிருந்து ஆண்டு முடிவு வரை முழுதாக வர விரும்புகிறேன். அதுவரை சனிக்கிழமை மட்டும் உதவிக்கு வரலாமா? இப்போதைய பயிற்சியிலும் கலந்துகொள்ளத் தயார்."

கடைசி வரி முக்கியம். பயிற்சியை இப்போதே முடித்துவிட்டால் ஜனவரியில் இடம் வரும்போது உடனே எடுத்துக்கொள்ளக்கூடிய ஆள் நீங்கள்தான். ஆனால் சனிக்கிழமைக்கு ஒத்துக்கொண்டால் சனிக்கிழமை மட்டும்தான். "புதன்கிழமை ஆள் இல்லை, ஒரு நாள் வாம்மா" என்று கேட்பார்கள். ஒரு தடவை போகலாம். மூன்றாம் தடவை கேட்கும்போது அது உங்கள் டைம்டேபிளில் ஒரு கட்டமாகிவிட்டிருக்கும்.

சேர்ந்த பிறகு, இப்போதானாலும் ஜனவரியானாலும், முதல் வாரமே வகுப்பு ஆசிரியரிடம் போய் இன்னின்ன நாள் இந்த நேரம் மையத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிடுங்கள். தேர்வுக்கு முந்தின நாள் சொல்வது சாக்குப்போல் ஒலிக்கும். லேப் நாளும் மைய நாளும் ஒன்றாக விழாதபடி மாற்ற முடியுமா என்று இரு பக்கமும் கேளுங்கள். விழுந்தே தீரும் என்றால் ரெக்கார்டின் அட்டவணை, கணக்கு மட்டுமாவது பஸ்ஸில் போகும்போதே முடிகிறதா பாருங்கள். ஆறேழு வாரம் ஆனதும் ஆரம்ப உற்சாகம் இறங்கும். பிள்ளைகள் சொன்னதைக் கேட்க மாட்டார்கள், போன வாரம் நடத்தியது மறந்திருக்கும். உங்களால்தான் முடியவில்லை என்று தோன்றும். எல்லாருக்கும் வரும் வாரம் அது. அந்த வாரத்தில் விலகும் முடிவை எடுக்க வேண்டாம், இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள்.

எப்போது நிஜமாகவே குறைத்தாக வேண்டும் என்பதை இப்போதே, மனசு தெளிவாக இருக்கும்போதே எழுதிவையுங்கள். ஒரே வாரத்தில் ஐந்து இரவு ஆறு மணி நேரத்துக்கும் குறைவான தூக்கம், அடுத்தடுத்து இரண்டு ரெக்கார்ட் தாமதம், ஏதாவது ஒரு பாடத்தில் இன்டர்னல் தேர்ச்சி மதிப்பெண்ணுக்குக் கீழ். இந்த மூன்றில் ஒன்று நடந்தால் அந்த வாரமே ஒருங்கிணைப்பாளரிடம் போய் ஒரு மாலையைக் குறைக்கக் கேளுங்கள். அதிலும் சமாளிக்க முடியாமல் விலகித்தான் ஆக வேண்டும் என்றால் மூன்று வாரம் முன்னால் சொல்லுங்கள். உங்கள் குழுவில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைப் பக்கம் எழுதுங்கள்: எந்தப் பாடம் வரை வந்திருக்கிறது, எதில் தடுமாறுகிறது, எப்படிச் சொன்னால் புரிகிறது. அடுத்து வருபவரை ஒரு நாள் பக்கத்தில் உட்காரவைத்து அறிமுகம் செய்யுங்கள். கடைசி நாள் எது என்று பிள்ளைகளுக்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டு, அந்த நாள் தவறாமல் போங்கள்.